60 வயது தாண்டிய எல்லோருக்கும் ஞாபகசக்தி சோதனை வைக்கலாமா?

நங்கநல்லூர்க்காரன் எழுதியது:

வணக்கம். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் சார்பில் வருடாவருடம் பி.பி., சுகர், கண் பரிசோதனை முகாம் நடத்துவோம். செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம் என்பதால், இந்த முறை முகாமை அதையொட்டி வைத்து 60 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஞாபகசக்தி சோதனையும் சேர்க்கலாம் என்று யோசனை. ஒரு தனியார் மருத்துவமனை தானாகவே முன்வந்திருக்கிறது. ஐந்து நிமிடக் கேள்விகள், மதிப்பெண் குறைந்தால் கையில் ஒரு சீட்டு, அந்தச் சீட்டைக் காட்டினால் அவர்களிடம் மூளை ஸ்கேனுக்குத் தள்ளுபடி.

பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் மட்டும் இங்கே என்கிற வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம். கமிட்டியில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. சுகரோடு சேர்த்து இதையும் பார்த்துவிட்டால் என்ன என்பது என் கட்சி. சும்மா இருக்கிற சங்கை ஏன் ஊதிக் கெடுப்பானேன் என்பது பொருளாளர் கட்சி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் மகள் எழுதியது:

வையுங்கள் சார், யோசிக்கவே வேண்டாம். அம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்கப் போகும் இடத்தில் பல தடவை சொல்லிப் பார்த்தோம். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், பால்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு மறுநாளும் கொடுக்கிறார், பருப்பே போடாமல் சாம்பாரை இறக்கி வைக்கிறார் என்று. "வயசானா அப்படித்தாம்மா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்பார்கள். நாங்களும் நம்பினோம். நம்புவதற்கு ஆசையாகவும் இருந்தது. நரம்பியல் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தபோது நோய் நடுக்கட்டத்துக்கு வந்திருந்தது. எந்த வங்கியில் எவ்வளவு டெபாசிட், யாருக்குக் கைமாற்றாக என்ன கொடுத்தார் என்று கேட்டால் அதற்குள் அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. யாராவது ஒருவர் ஒரு மேசை போட்டு நாலு கேள்வி கேட்டிருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

இதற்கு எதிர்க்கட்சி எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை.

கணக்கு வாத்தியார் எழுதியது:

எதிர்க்கட்சி நான். வயது 72, மயிலாப்பூர், தனியாகத்தான் இருக்கிறேன். இன்னும் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். நீங்கள் எல்லோரும் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். இந்தப் பக்கம் உட்காரப் போகிறவன் நான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். லாசி-டாட் என்கிற முதியோர் ஆய்வு 2023ல் சொன்னபடி, இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் டிமென்ஷியா என்கிற மறதி நோய் உள்ளவர்கள் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர். வசதிக்காக 7 என்று எடுத்துக்கொள்கிறேன். முகாம்களில் மொத்தம் 1,000 பேரைச் சோதிக்கிறீர்கள். 70 பேருக்கு நோய் இருக்கிறது, 930 பேருக்கு இல்லை. ஒரு பேச்சுக்கு உங்கள் சோதனை நோய் இருப்பவர்களில் 100க்கு 80 பேரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 100க்கு 80 பேரைச் சரியாக விட்டுவிடும் என்று வைப்போம். பிடிபடுகிறவர்கள் 56 பேர். 14 பேர் "எல்லாம் நார்மல்" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். நோயே இல்லாத 186 பேர் கையில் சீட்டு இருக்கும். சீட்டு வாங்கிய 242 பேரில் நிஜமாக நோய் உள்ளவர்கள் 56. நாலில் ஒருவர்கூட இல்லை.

இதுவும் தாராளக் கணக்குதான். முகாம் தேதியை ஞாபகம் வைத்து, சட்டை மாற்றி, தானே நடந்து வருகிற கூட்டத்தில் நோய் 7 சதவீதம்கூட இருக்காது. அது குறையக் குறைய சீட்டின் மதிப்பு இன்னும் கீழே போகும்.

அந்த 186 பேர் அன்று ராத்திரி தூங்குவார்களா? சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும்போதெல்லாம் நெஞ்சு பதறும். பிள்ளைகள் போனில் ஜாக்கிரதையாகப் பேச ஆரம்பிப்பார்கள். ஸ்கேன் தள்ளுபடி யாருக்கு லாபம் என்பதையும் கமிட்டி ஒருமுறை யோசிக்கட்டும்.

ஓபி டாக்டர் எழுதியது:

வடசென்னையில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓபி பார்க்கிறேன். வாத்தியார் சாரும் பெரம்பூர் மேடமும் வெவ்வேறு ஆட்களைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

வாத்தியார் சொல்வது, எந்தத் தொந்தரவும் இல்லாதவரை உட்கார வைத்துச் சோதிப்பது. அதுதான் ஸ்கிரீனிங். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020ல் இதைப் பரிசீலித்து, 65 வயதுக்கு மேல் அறிகுறி இல்லாதவர்களைச் சோதிப்பதால் நன்மையா தீமையா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. பிரிட்டனின் தேசிய ஸ்கிரீனிங் குழுவும் பொதுமக்கள் எல்லோருக்கும் வைக்கப் பரிந்துரைக்கவில்லை. அங்கே 2014ல், பதிவாகும் ஒவ்வொரு டிமென்ஷியா நோயாளிக்கும் குடும்ப மருத்துவருக்கு 55 பவுண்டு என்று ஒரு திட்டம் வந்தது. டாக்டர்களே கூச்சல் போட்டார்கள். 2015 மார்ச்சோடு நின்றுபோனது.

மேடத்தின் அம்மா விஷயம் அப்படியல்ல. வீட்டார் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அது ஸ்கிரீனிங்கே கிடையாது, புகார். நெஞ்சுவலி என்று வந்தவரை ஈசிஜி எடுக்காமல் அனுப்புவதும் இதுவும் ஒன்றுதான். அங்கே சோதித்தே ஆக வேண்டும். எங்கள் ஆட்கள் செய்யத் தவறுவது அதைத்தான், முகாம் போட்டு அதைச் சரிக்கட்ட முடியாது.

நிஜத்தையும் சொல்லிவிடுகிறேன். காலை ஓபியில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். பி.பி. பார்த்து, சுகர் எழுதி, மாத்திரை நீட்டுவதற்குள் அடுத்தவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். அதனால் நான் கேள்வித்தாளை எடுப்பதில்லை, ஆளைப் பார்க்கிறேன். இத்தனை வருடம் சுகரைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவருக்குக் காரணமில்லாமல் ஏறுகிறதா? மாத்திரை மிச்சம் ஏகத்துக்கு இருக்கிறதா, அல்லது மாதம் பாதியிலேயே தீர்ந்துவிட்டதா? எடை குறைகிறதா? வரவேண்டிய தேதிக்கு வராமல் வேறொரு நாள் வருகிறாரா? முக்கியமாக, "என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்டால் பதில் சொல்லாமல் பக்கத்தில் இருக்கும் மகளையோ மனைவியையோ திரும்பிப் பார்க்கிறாரா? இந்தத் திரும்பிப் பார்ப்பது பல நேரம் கேள்வித்தாளைவிட நன்றாகவே காட்டிக்கொடுக்கும். இதில் ஏதாவது உறுத்தினால் அவரைத் தனியாக மதியத்துக்கு வரச் சொல்வேன், வீட்டு ஆளோடு.

எடிசன் தம்பி எழுதியது:

நியூஜெர்சியிலிருந்து. இங்கே மெடிகேர் என்கிற அரசு முதியோர் மருத்துவக் காப்பீட்டில் 2011 முதல் வருடாந்திர நலப் பரிசோதனை இலவசம். அறிவாற்றல் குறைவு இருக்கிறதா என்று கவனிப்பது அதில் ஒரு அங்கம். மாமனார் போகும்போதெல்லாம் மூன்று வார்த்தை சொல்லி, கடிகாரம் வரையச் சொல்லி, பிறகு அந்த மூன்று வார்த்தையைத் திரும்பக் கேட்கிறார்கள். மினி-காக் என்று பெயர், 5 மதிப்பெண், 3க்குக் கீழே போனால் அடுத்த கட்டம். மூன்று நிமிட வேலை, யாருக்கும் நெஞ்சு பதறவில்லை. வாத்தியார் சார் கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறாரோ?

கணக்கு வாத்தியார் எழுதியது:

தம்பி, நான் பயப்படவில்லை, வகுத்துப் பார்த்தேன். எந்த வரி தப்பு என்று காட்டுங்கள்.

ஓபி டாக்டர் எழுதியது:

எடிசன் தம்பி, உங்கள் ஊரிலேயே இண்டியானாவில் 65 வயது தாண்டிய 4,005 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். குடும்ப மருத்துவரிடம் வந்தவர்களில் ஒரு பாதிக்கு ஸ்கிரீனிங், இன்னொரு பாதிக்கு இல்லை. 2020ல் முடிவு வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வாழ்க்கைத் தரத்தில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமில்லை. அதே சமயம் சோதனையால் மனச்சோர்வோ பதற்றமோ கூடவும் இல்லை. ஆகவே நெஞ்சு பதறும் என்கிற வாத்தியாரின் வாதத்துக்கு அந்த ஆய்வில் ஆதரவு கிடையாது. ஆனால் சந்தேகம் என்று வந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்தகட்ட பரிசோதனைக்குப் போக மறுத்துவிட்டார்கள். கைக்குக் கை ஆள் இருக்கும் ஊரிலேயே நிலைமை அது.

கடிகாரம் பற்றியும் ஒன்று. என் ஓபிக்கு வரும் பாட்டிகளில் பலர் பள்ளிக்கூடமே போகாதவர்கள். பென்சில் பிடித்தே பழக்கமில்லாத கையில் வட்டம் போட்டுப் பதினொன்று பத்துக்கு முள் வரையச் சொன்னால், அது படிப்பைச் சோதிக்கிறதா மூளையைச் சோதிக்கிறதா? 1975ல் வந்த எம்.எம்.எஸ்.இ. என்கிற ஞாபகசக்திக் கேள்வித்தாளிலும் இதே கோளாறு. வாக்கியம் எழுது, 100லிருந்து ஏழு ஏழாகக் கழி என்றால் படித்தவர் நோய் இருந்தும் தப்பிவிடுவார், படிக்காதவர் நோயில்லாமல் மாட்டுவார். அதனால்தான் ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று இந்தியில் அதை மாற்றி அமைத்தார்கள். 1998ல் தொடங்கிய 10/66 என்கிற டிமென்ஷியா ஆய்வுக் குழுவும் நம் சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் வேலை செய்தது. படிப்பு பாதிக்காதபடி கேள்விகளை வைத்து, கூடவே வீட்டில் இருப்பவரிடமும் கேட்டுச் சேர்த்துப் பார்க்கும் முறை அவர்களுடையது. நம் ஊருக்கு அதுதான் பொருந்தும்.

எட்டாம் தேதியா ஒன்பதாம் தேதியா என்று தெரியாத பாட்டி, நாளைக்கு அமாவாசை, எள்ளும் தண்ணியும் இறைக்கணும் என்று கச்சிதமாகச் சொல்வார். அவருக்கு நாள் தெரியாது என்று எழுதிக்கொள்வது நம் தப்பு.

செவிலி அக்கா எழுதியது:

இவ்வளவு நேரமும் வீடு தேடிப் போகிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்ப்பது, பிசியோதெரபி எல்லாம் அதில் உண்டு. அதில் வீடு வீடாகப் போகிற பெண்கள் வாசலில் நின்று பார்ப்பதை எந்த முகாமிலும் பார்க்க முடியாது. அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். போன மாத மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கும். நாற்றமெடுத்த புடவையோடு "இப்பத்தான் குளிச்சேன்" என்பார் ஆயா.

கேள்வியும் புதிது இல்லை. மத்திய அரசின் சமூக அளவிலான மதிப்பீட்டுப் படிவத்தில் 60 வயது தாண்டியவர்களுக்கென்று தனியாக நாலு கேள்வி உண்டு. நிற்கும்போது, நடக்கும்போது தடுமாறுகிறதா, நடமாட முடியாதபடி ஊனம் உண்டா, குளிக்கச் சாப்பிட அடுத்தவர் உதவி வேண்டுமா, கடைசியாக, நெருங்கியவர்களின் பெயரோ சொந்த வீட்டு விலாசமோ மறக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்வி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் சொந்த வீட்டு விலாசம் மறக்கும் வரை காத்திருந்து டிக் போட்டு என்ன செய்வது? அதற்குள் தெருவுக்கே தெரிந்திருக்கும். பணம் எண்ணுவதில், சமையலில், மாத்திரை போடுவதில் முன்பைவிடத் தடுமாற்றம் உண்டா என்று ஒரு வரி மாற்றினால் எவ்வளவோ தேவலை. அதையும் அவரிடம் மட்டும் கேட்காமல் வீட்டில் உள்ளவரிடமும் கேட்க வேண்டும்.

மருந்துக்கடைக்காரர் எழுதியது:

கடைப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஞாபகத்தைச் சோதிப்பதற்கு முன்னால் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். சளிக்கு குளோர்பெனிரமைன், தூக்கத்துக்கு அல்பிரசோலம், நரம்பு இழுக்கிறது என்று அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடங்கவில்லை என்று ஆக்ஸிபியூட்டினின். நாலு டாக்டர் நாலு சீட்டு, ஒருவருக்கு ஒருவர் தெரியாது. இத்தனையும் சேர்த்து விழுங்கினால் எனக்கே என் பெயர் மறந்துவிடும். அல்பிரசோலம் சீட்டில்லாமல் தரக்கூடாத மருந்து. ஆனால் பழைய சீட்டைக் காட்டியே பல வருடமாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், தருகிற கடையும் இருக்கிறது. சட்டென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஓபி டாக்டர் எழுதியது:

தங்கமான பேச்சு. மறதி என்று யாராவது வந்தால் நான் போகிற வரிசையும் அதுதான். முதலில் காது. மூன்று வார்த்தையே காதில் விழாதவர் எப்படித் திருப்பிச் சொல்வார்? காதைச் சுத்தம் செய்ததுமே பாதிப் பிரச்சினை போனவர்கள் உண்டு. அப்புறம் மாத்திரைப் பை. அப்புறம் மனச்சோர்வு, குறிப்பாகத் துணையை இழந்தவர்களுக்கு. பிறகு ரத்தத்தில் தைராய்டு, பி12, சோடியம். பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையும். சுகர் மாத்திரையின் அளவு அதிகமாகி அடிக்கடி சுகர் இறங்கினாலும் குழப்பம் வரும். சமீபத்தில் விழுந்து தலையில் அடிபட்டதா என்று கேட்பேன். வாரக்கணக்கில் மெல்ல ரத்தம் கசிந்து சேர்ந்தால் மறதிபோலவே தெரியும். அங்கே ஸ்கேன் கட்டாயம் தேவை, தள்ளுபடி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நேற்று வரை நன்றாக இருந்தவர் இரண்டு நாளில் தலைகீழாகிவிட்டார் என்றால் அதை டிமென்ஷியா என்று எழுதி வைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்பு குறைவு என்று ஏதோ ஒன்று இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இவற்றைச் சரிசெய்தால் மறதி முழுசாகத் திரும்பிவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படித் திரும்புகிறவர்கள் குறைவு. ஆனால் அல்சைமர் இருக்கிற ஆளுக்கும் பி12 ஊசியும் காது மெஷினும் தூக்க மாத்திரைக் குறைப்பும் நல்லதுதான் செய்யும்.

பெரம்பூர் மகள் எழுதியது:

டாக்டர் சார், நீங்கள் சொல்வது எல்லாம் சரி. ஆனால் முன்கூட்டித் தெரிந்து என்ன பயன், மருந்துதான் இல்லையே என்கிற தொனியில் எல்லோரும் பேசுவது எனக்குக் கோபம் வருகிறது. டொனெபெசில் என்கிற மறதி நோய் மாத்திரை அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பது மருந்து இல்லை. அம்மாவுக்கே ஒரு பேச்சு இருந்திருக்கும். எங்கே இருக்க ஆசை, நகை யாருக்கு, கடைசியில் ட்யூப் எல்லாம் போடலாமா வேண்டாமா. எல்லாவற்றையும் இப்போது நாங்கள் யூகித்து, எங்களுக்குள் சண்டை போட்டு முடிவு செய்கிறோம். வாத்தியார் சாரின் 186 பேர் கணக்கில் இது எங்கே வருகிறது?

கணக்கு வாத்தியார் எழுதியது:

அம்மா, வரவில்லை. அது கணக்கில் அடங்காது. ஆனால் அந்தப் பேச்சை நோய் வந்த பிறகுதான் பேச வேண்டும் என்று யார் சொன்னது? மதிப்பெண் குறைந்தால்தான் உயில் எழுதுவேன் என்று காத்திருப்பது எனக்கு விசித்திரமாக இருக்கிறது. 72 வயது ஆனதே போதாதா?

ஐகோர்ட் வக்கீல் எழுதியது:

அந்தச் சீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முகாமில் மதிப்பெண் எழுதிக் கொடுக்கும் காகிதம் மருத்துவச் சான்று ஆகாது. ஆனால் அண்ணன் தம்பி சொத்துத் தகராறில் அதுதான் முதலில் தாக்கல் ஆகும். "செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தபோதே அப்பாவுக்குப் புத்தி சரியில்லை, இதோ ஆதாரம்" என்று. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுக்கும் அந்த நேரத்தில் அவருக்கு விஷயம் புரிந்து, தன் நன்மை தீமையை எடைபோட முடிந்ததா என்பதுதான் கேள்வி. உயிலுக்கும் 1925 வாரிசுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு ஏறத்தாழ அதையே கேட்கிறது. மறதி நோய் என்ற பெயர் ஒட்டியதாலேயே உரிமை போய்விடாது. இருந்தாலும் வழக்கு பல வருடம் இழுக்கும். ஆகவே மதிப்பெண்ணைக் காகிதத்தில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. பவர் எழுதி வாங்கிவிட்டோம், கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் மனநிலைத் தெளிவை இழந்தால் அந்தப் பவர் முடிந்துவிடும். எப்போது தேவையோ அப்போது செல்லாது. பிறகு கோர்ட் மூலமாகத்தான் காப்பாளர் நியமனம். தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவது, நாமினி போடுவது, உயிலைப் பதிவு செய்வது இதெல்லாம் மலிவான வேலை.

நங்கநல்லூர்க்காரன் எழுதியது:

படித்ததும் கமிட்டியை மறுபடி கூட்டினேன். அந்தத் தனியார் மருத்துவமனைக்கு நன்றி சொல்லி வேண்டாம் என்று எழுதிவிட்டோம். பொருளாளர் முகத்தில் வெற்றிப் புன்னகை, அது போகட்டும்.

புது ஏற்பாடு இது. எல்லோருக்கும் காதும் கண்ணும் பி.பி.யும் சுகரும் பார்க்கப்படும். வீட்டில் உள்ள அத்தனை மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி நோட்டீஸ் அடிக்கிறோம், ஒரு பார்மசிஸ்ட் அம்மா உட்கார்ந்து பார்ப்பார். ஞாபகசக்தி சோதனை எல்லோருக்கும் கிடையாது. மண்டபத்தின் பின்னறையில் ஒரு மேசை, "உங்களுக்கோ வீட்டில் உள்ளவருக்கோ மறதி பற்றிக் கவலை இருந்தால் இங்கே பேசலாம்" என்று எழுதி வைப்போம். மதிப்பெண் சீட்டு இல்லை. சந்தேகம் இருந்தால் எங்கே அனுப்புவது என்று மட்டும் பட்டியல் வேண்டும். சொல்ல முடியுமா டாக்டர்?

ஓபி டாக்டர் எழுதியது:

முதலில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம், ரத்தப் பரிசோதனைக்கு. அடுத்து உங்களுக்குப் பக்கம் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை, 200 படுக்கை. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத் துறையும் நரம்பியலும் இருக்கின்றன. பிரமை, சந்தேகம், ராத்திரி கலாட்டா என்று நடத்தை மாற்றம் முன்னால் நின்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. வெட்கப்பட ஒன்றுமில்லை. அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்கிற மனநலத் தொண்டு நிறுவனம் டிமென்ஷியாவுக்குத் தனியாகச் சேவை நடத்துகிறது. அல்சைமர் சங்கத்தின் சென்னைக் கிளை பராமரிப்பவர்களுக்கு நல்ல துணை. முதியோர் உதவி எண் 14567ஐப் பெரிதாக எழுதி வையுங்கள்.

2024ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் சொன்ன 14 ஆபத்துக் காரணிகளில் காது கேளாமை, பார்வைக் குறைவு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, தனிமை எல்லாம் வருகின்றன. அத்தனையும் சரியானால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. ஆக உங்கள் முகாமின் முன்னறைதான் நிஜமான மறதி நோய் முகாம்.

செவிலி அக்கா எழுதியது:

எல்லாம் நல்லது. ஆனால் பின்னறை மேசைக்கு வருகிறவர் யார்? கவலைப்பட மகளோ மருமகளோ இருக்கிற வீட்டார். தனியாக இருக்கிற அம்மா வரமாட்டார். தனக்கு மறதி இருப்பதே அவருக்குத் தெரியாது, பார்த்துச் சொல்லவும் ஆளில்லை. நீங்கள் முதல் பதிவிலேயே சொன்ன வீடுகள்தான் விட்டுப்போகின்றன.

நங்கநல்லூர்க்காரன் எழுதியது:

உண்மை. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், இஸ்திரி போடுபவர், மருந்துக் கடைப் பையன், வாட்ச்மேன், இவர்களிடம் கேட்டுவிடலாமா?

கணக்கு வாத்தியார் எழுதியது:

இதோ ஆரம்பித்துவிட்டீர்கள். என் முதுகுக்குப் பின்னால் எங்கள் வேலைக்கார அம்மாவிடம் போய் "சார் சரியா இருக்காரா" என்று கேட்பீர்களா? அப்புறம் நான் எந்த முகத்தோடு அவரிடம் காபி வாங்கிக் குடிப்பது?

கேட்க வேண்டும் என்றால் என்னிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நான் நன்றாக இருக்கும்போதே ஒரு அட்டை கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன். என்னைப் பற்றிக் கவலை வந்தால் யாரைக் கேட்கலாம், யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது. மூன்றாவது ரொம்ப முக்கியம். எங்கள் வீட்டில் அந்தப் பட்டியல்தான் நீளம்.

பெரம்பூர் மகள் எழுதியது:

அம்மா அப்படி ஒரு அட்டை எழுதியிருந்தால் என் பெரியம்மா மகளைத்தான் போட்டிருப்பார். தினம் பேசுவது அவரிடம்தான். எங்களுக்குத் தோன்றியே இருக்காது.

சார் நல்ல யோசனை சொல்லியிருக்கிறார்.

மருந்துக்கடைக்காரர் எழுதியது:

கடை பெயரையும் எழுதலாம் என்று போடுங்கள். மாதாமாதம் முகத்தைப் பார்க்கிற ஆள் நாங்கள்தான். ஆனால் கவலை வந்தால் நான் யாருக்குப் போன் செய்வது என்று அட்டையில் இருக்க வேண்டும்.

ஐகோர்ட் வக்கீல் எழுதியது:

வாசகம் இப்படி இருக்கட்டும்: "என் ஞாபகத்திலோ நடவடிக்கையிலோ மாற்றம் தெரிந்தால் கீழே உள்ளவர்களிடம் கேட்கலாம், சொல்லலாம். இதற்கு என் சம்மதம் உண்டு. இது மருத்துவச் சான்று அல்ல. நான் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்." கையெழுத்து, தேதி, இரண்டு பெயர், இரண்டு போன் நம்பர். பூர்த்தியான அட்டை அவரிடமும், அவர் பெயர் சொன்ன இருவரிடமும் மட்டும் இருக்கட்டும். சங்க அலுவலகத்தில் அடுக்கி வைக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போடுகிற வேலையும் கூடாது.

செவிலி அக்கா எழுதியது:

எழுத்தைப் பெரிதாக அச்சடியுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குக் கைரேகை வைக்க இடம் விடுங்கள். நிரப்ப உதவி செய்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்க வேண்டாம், எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரை அனுப்புகிறேன்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

அச்சடித்ததும் எனக்கு ஒரு பிரதி. மயிலாப்பூரிலிருந்து நங்கநல்லூருக்கு வர ரயில் இருக்கிறது, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். கடிகாரம் மட்டும் வரையச் சொல்லாதீர்கள்.